மச்சானுக்கு நல்ல தூக்கம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில். அன்று அந்த மாடியில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்ததற்குக் காரணம், அதே வருடம் கிள்ளானில் எனக்கு நடந்த ஓர் ஆப்பரேஷன். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது.

நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறவன். ஒரு வீடு அளவுக்குப் பெரிய கொதிகலன். அதிலிருந்து வரும் நீராவியை வைத்துத்தான் மொத்தத் தொழிற்சாலையும் ஓடும். "அப்படி என்ன பெரிய வேலை மாமா? தண்ணி கொதிக்குதான்னு பார்க்கிறதுதானே?" என்று என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, எப்போதும் கேலி செய்வான். ஒரு வகையில் அவன் சொல்வது சரிதான். நெருப்பு எரிகிறவரைக்கும் பாய்லர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். ஒன்றுக்குப் போவதென்றால்கூட இன்னொருவரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் நகர முடியும். தண்ணீர் மட்டத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில், இந்த ஆள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

எனக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணில் பட்ட எதையும் என்ன ஏது என்று கேட்காமல் விட மாட்டேன். பல் பிடுங்கப் போனால் அந்த நாற்காலி எப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்பேன். என் மனைவி என்னோடு எங்கே வந்தாலும், தெரியாதவள் மாதிரி கொஞ்சம் தள்ளித்தான் நிற்பாள்.

அந்த வருடம் அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வலித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, குடலிறக்கம், அறுத்துத்தான் சரி செய்ய வேண்டும், முழு மயக்கம் கொடுப்போம் என்றார். ஆப்பரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட என் வயதுள்ள ஓர் அம்மா. நம்ம ஆள்தான். பல் ஏதாவது ஆடுகிறதா, குறட்டை விடுவேனா, அலர்ஜி உண்டா, முன்பு மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, இப்போது என் முறை என்று நான் ஆரம்பித்தேன்.

"டாக்டர், ஒரு டவுட். நான் தூங்கினப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க? வெளிய போயி காப்பி குடிப்பீங்களா?"

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் சிரித்தார்.

"நெறைய பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்கண்ணே. தூங்க வைக்கிறது ஈசி. பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து, புரோபோஃபோல்னு பேரு. நரம்புல போட்டா பேசிக்கிட்டிருக்கும்போதே தூங்கிடுவீங்க. அதுக்கப்புறம்தான் என் வேலையே ஆரம்பிக்குது. அந்த மருந்து தூக்கத்த மட்டும் குடுக்காது. மூச்சு விடணும்கிறதையே மூளைக்கு மறக்க வச்சிடும். ரத்த அழுத்தத்த எறக்கும். தொண்டை தளந்து போயி நாக்கு பின்னால விழுந்து வழிய அடைச்சிடும். அதனால நீங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் உங்க தலைமாட்டுல நான்தான் நிப்பேன். வேற எந்த வேலையும் பார்க்க மாட்டேன்."

"அது ஏன் டாக்டர் பால் மாதிரி வெள்ளையா இருக்கு?"

"தண்ணியில கரையாதுண்ணே. சோயா எண்ணெயில கலந்து செய்யறாங்க."

எண்ணெய் என்றதும் எனக்கு ஒரே குஷி. நம்ம இலாகா! எங்கள் தொழிற்சாலையில் நாளெல்லாம் எண்ணெயைச் சுத்தம் செய்து டின்னில் அடைக்கிறோம், அதையே நரம்பில் ஏற்றுகிறார்களா என்று இன்னும் நாலு கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். வழி அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, தன் தாடைக்கு அடியில் விரல்களை வைத்து, முகவாயை மேலே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். "இப்படித் தூக்கிப் பிடிச்சாலே நாக்கு நகந்து வழி விடும். அதுக்கும் மேல குழாய் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு, மெஷின் இருக்கு. பயப்படாதீங்க." பயமெல்லாம் எனக்கு இல்லை. இந்த அம்மாவும் ஒரு பாய்லர்மேன்தான் என்று தோன்றியதில் ஒரு சந்தோஷம்தான் வந்தது. வீட்டுக்குப் போனதும், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் தாடையைத் தூக்கிப் பார்த்தேன். கையில் ஓர் அடி விழுந்தது.

ஆப்பரேஷன் அன்று ஒரு கூத்து நடந்தது. நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி அதிகாலையிலேயே கோவிலுக்குப் போய், என் பேரில் அபிஷேகம் செய்து, ஒரு சின்னச் செம்பில் அபிஷேகப் பாலோடு வந்தாள். ஒரு வாய்தான். திருநீறு பூசி, பாலைக் கையில் ஊற்றினாள். சாமி பிரசாதத்தை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? நானும் குடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதான் நர்ஸ், வந்து கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, "நேத்து ராத்திரி. காலையில சாமி பால் ஒரு வாய், அவ்வளவுதான்" என்றேன். மிஸ்ஸியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அந்த மயக்க மருந்து டாக்டரே இறங்கி வந்தார்.

"காலையில செய்ய முடியாதுண்ணே. சாயங்காலம்தான்."

"டாக்டர், அது சாமிக்கு ஊத்தின பாலு. சாப்பாடு இல்லையே" என்றாள் மனைவி.

"சாமி பாலா, கடப் பாலான்னு நுரையீரலுக்குத் தெரியாதேக்கா. மயக்கத்துல தொண்டை தளந்துடும். வயித்துல இருக்கிறது மேல வந்து, நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சுன்னா ஆளையே கொண்டு போயிடும்."

டாக்டர் அதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஆனாலும் என் மனைவி அன்று சாயங்காலம் வரைக்கும் உர்ரென்றே இருந்தாள். எனக்குத்தான் பசி ஒரு பக்கம், அவள் முகம் ஒரு பக்கம்.

ஆப்பரேஷன் அறையில் நான் ஒரு முடிவோடு படுத்திருந்தேன். தூங்கப் போகிற அந்த நொடியை எப்படியாவது பிடித்துவிட வேண்டும். தூக்கம் என்பது எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். டாக்டர் என் தலைமாட்டில் வந்து நின்றார். விரலில் ஒரு கிளிப், கையில் பட்டை, நெஞ்சில் ஒயர்கள், மூக்கின் மேல் முகமூடி. வெள்ளை மருந்து ஊசியில் ஏறியது. கை நரம்பில் சுரீரென்று எரிந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அலாரம் எப்படி அடிக்கும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். "அலாரம் அடிச்சதும் மொதல்ல நெருப்ப..." என்றேன். "எல்லாம் முடிஞ்சிருச்சு அங்கிள்" என்று ஒரு மிஸ்ஸி சொன்னாள். வேறு அறை. வயிற்றில் கட்டு.

நொடியாவது, பிடிப்பதாவது! தூங்கினேன் என்ற உணர்வே இல்லை. வழக்கமாகத் தூங்கி எழுந்தால், நல்ல தூக்கமோ கெட்ட தூக்கமோ, கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும். இதில் அதுவும் இல்லை. துணியை நடுவில் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் எழுந்தபோது மனம் அப்படி ஒரு தெளிவாக, லேசாக இருந்தது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்த்து வருடக்கணக்கில் தூக்கம் கெட்டவன் நான். நியாயமாக எனக்கு என்ன ஆசை வந்திருக்க வேண்டுமோ அதுதான் வந்தது. வார்டுக்கு வந்த டாக்டரிடம் கேட்டும் விட்டேன்.

"டாக்டர், இதையே வாரத்துக்கு ஒரு தடவ கிள்ளான்ல எங்கயாவது போட்டுக்க முடியுமா?"

அந்த அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இது தூக்கம் இல்லண்ணே. தூங்கும்போது உங்க உடம்பு உங்களப் பார்த்துக்கும். மூச்சு அடைச்சா முழிப்பு வந்துடும். இதுல முழிப்பு வராது. வேற ஒருத்தர்தான் உங்களப் பார்த்துக்கணும். அதுவும் இத முறிக்கிறதுக்கு வேற மருந்தே கிடையாது. அதுவா எறங்கற வரைக்கும் கூட இருந்துதான் ஆகணும்."

நானும் சரி என்று விட்டுவிட்டேன். மறந்தும் போனேன்.

இப்போது மச்சானுக்கு வருவோம். அவனுக்குச் சொந்தமாக ஒரு லோரி. செலாயாங் மொத்தச் சந்தையில் விடிவதற்கு முன்பே காய்கறி ஏற்றி, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறவன். நல்ல உடம்பு, நல்ல மனசு, நல்ல குறட்டை. காலையில் வேலை முடிந்து வந்து படுத்தால் தூக்கம் வராது, வந்தாலும் களைப்பு தீராது. ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து, பக்கத்து லோரிக்காரன் ஹாரன் அடித்ததால் தப்பித்தான். அதிலிருந்து அவனுக்கே பயம் பிடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிறவன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் முகம் பளிச்சென்று இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் அவன் காய்கறி போடும் கடைக்கு மேல்மாடியில், அழகு பராமரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறதாம். அங்கே தூக்கத்துக்கு வைட்டமின் டிரிப் ஏற்றுகிறார்களாம். இவன் ஏற்கனவே சில தடவை போய் வந்துவிட்டான்.

"ஒரு மணி நேரம் படுத்தா போதும் லா மாமா. ஒரு வாரத் தூக்கம் தூங்கின மாதிரி இருக்கு. நீங்களும் ஒரு தடவ வந்து பாருங்க. போட்டுக்கிட்டா லோரி ஓட்டக்கூடாதுன்னு அங்க ஊசி போடற அக்கா சொன்னாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும்."

வைட்டமின் டிரிப் என்றால் இப்போது எல்லா ஊரிலும்தான் போடுகிறார்கள். துணைக்கு ஆள் கேட்கிறார்கள் என்றால் கொஞ்சம் பொறுப்பானவர்கள்தான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அவனுக்கு வேலை செய்தால் எனக்கும் செய்யுமே என்ற நப்பாசை வேறு. அந்தச் சனிக்கிழமை இருவரும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினோம். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தீபாவளிக் கூட்டம். வளையல் கடை, முறுக்கு, பட்டாசுச் சத்தம், பாட்டு. கூட்டத்தில் இடித்துப் பிடித்து அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடித்து ஏறினோம்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஊதுபத்தி வாசனை. முன்னறையில் சோபா, பின்னால் திரைச்சீலை போட்ட சின்ன அறை, அதில் சாய்வு நாற்காலி. முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். மச்சானைப் பார்த்ததும் சொந்தத் தம்பியைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

"வாங்கண்ணே, வாங்க! வெய்யில்ல வந்திருக்கீங்க. மொதல்ல சாப்பிடுங்க. கீழ கடையில சூடா கறிபாப் போட்டிருக்காங்க, வாங்கி வச்சிருக்கேன்."

தட்டில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப், கூடவே நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. நம் வீடுகளுக்கு யார் வந்தாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டோம் இல்லையா, அந்தப் பழக்கம்தான். மச்சான் நின்ற நிலையிலேயே இரண்டு கறிபாப்பை உள்ளே தள்ளி, தே தாரிக்கையும் குடித்து முடித்தான். "அண்ணே, நீங்க ஆற அமர சாப்பிடுங்க, அவரு முடிச்சதும் உங்களுக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவனைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். நான் சோபாவில் உட்கார்ந்து கறிபாப்பைக் கடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

என்னால் எவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியும்? அந்த டிரிப்பில் என்னதான் கலக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. தட்டோடு எழுந்து போய்த் திரையை விலக்கினேன். மச்சான் சாய்வு நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு, தீபாவளிக்கு ஆட்டுக்கறி எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் கையில் ஓர் ஊசி. ஊசிக்குள் வெள்ளையாக, பால்.

"என்னம்மா அது?" என்றேன்.

"தூக்க வைட்டமின்ண்ணே. எங்க பாஸ் கொண்டாந்து குடுப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுத்தி முடித்துவிட்டார்.

"கை எரியுதுக்கா, எப்பவும் போல" என்ற மச்சான், மறுபடியும், "ஆட்டுக்கறி மட்டும் நம்ம காப்பாருக்குப் போயி..." என்று ஆரம்பித்தான். அதோடு வாய் நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வெள்ளை மருந்து, நரம்பில் எரிச்சல், பாதி வார்த்தையில் தூக்கம். இதை எனக்குத் தெரியுமே! சுற்றிலும் பார்த்தேன். விரலில் கிளிப் இல்லை. ஆக்சிஜன் இல்லை. எந்த மெஷினும் இல்லை. தலைமாட்டில் ஒரு சாமி படமும் ஊதுபத்தியும்தான். அதற்குள் முன்னறையில் மணி அடித்தது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் போல.

"ரெண்டு நிமிஷம் பார்த்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போயே போய்விட்டார்.

நான் அவன் நெஞ்சைப் பார்த்தபடி நின்றேன். முதலில் அவனுடைய வழக்கமான குறட்டை. அப்பாடா என்று இருந்தது. பிறகு குறட்டை நின்றது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் மூக்கிலும் வாயிலும் சத்தமே இல்லை. கையை மூக்கின் முன்னால் கொண்டு போனேன். காற்று வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு அசைவதும் நின்றது. என் கண்ணெதிரே அவன் உதடு ஈயம் மாதிரி நிறம் மாற ஆரம்பித்தது. கன்னத்தில் தட்டினேன், பேர் சொல்லிக் கத்தினேன். அவன் முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. சுகமாகத் தூங்குகிறவன் முகம். அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததே இல்லை. அவன் அக்காவைப் போய் எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன், அந்த அக்காதான் என் மனைவி என்பதுகூட மறந்துவிட்டது. அப்புறம் என் கைகள் தாமாகவே அவன் தாடைக்கு அடியில் போயின. அந்த டாக்டர் காட்டிய மாதிரி முகவாயைத் தூக்கினேன், தலையைப் பின்னால் சாய்த்தேன். ஒன்றும் இல்லை. கனமான முகம் அவனுக்கு, விரல் வழுக்கியது. கால்களை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் தாடை எலும்பைப் பிடித்து, முழுப் பலத்தோடு மேலே இழுத்தேன். "ஏம்மா! ஆம்புலன்ஸைக் கூப்பிடு!" என்று கத்திய கத்தலுக்குக் கீழே கடையில் இருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்களாம்.

அந்தப் பெண் ஓடி வந்தார். "பயப்படாதீங்கண்ணே, அவருக்கு எப்பவும் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும், அப்புறம் சரியாயிடும்" என்றார். எப்பவும்! ஒவ்வொரு தடவையும் என் மச்சான் இந்த நாற்காலியில் மூச்சு நின்று, தானாகப் பிழைத்து, ஒரு வாரத் தூக்கம் தூங்கினேன் என்று வீட்டுக்கு வந்திருக்கிறான். பிறகுதான் அவர் அவன் உதட்டைப் பார்த்தார். போனை எடுத்தவர், எண்ணை அழுத்த முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டார். வந்திருந்த வாடிக்கையாளர்தான் போனை வாங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

என் கை மரத்துப் போனது. விடவில்லை. வாயோடு வாய் வைத்து ஊதுவதற்குக் குனிந்தபோது, அவன் தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம். நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. அப்புறம் கொஞ்சம் இடைவெளி. அப்புறம் இன்னொன்று. அந்த இடைவெளியில் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. நிறம் மெல்லத் திரும்பியது. நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், அவன் வயிறு குலுங்கி, வாயில் கறிபாப்பும் தே தாரிக்கும் பொங்கி வந்தது. எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்ததோ, சாயங்காலம் வரைக்கும் உர்ரென்றிருந்த மனைவியின் முகம் நினைவுக்கு வந்ததோ, தெரியவில்லை. அவனை அப்படியே உருட்டி ஒரு பக்கமாகத் திருப்பினோம். அந்த உடம்பைத் திருப்ப மூன்று பேரும் வேண்டியிருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே தன் துப்பட்டாவால் அவன் வாயைத் துடைத்துவிட்டார்.

தீபாவளி நெரிசலில் ஊர்ந்து வந்த ஆம்புலன்ஸிலிருந்து ஒரு மலாய்க்காரத் தம்பி படியேறி வந்தார். அவர் வரும்வரை நான் தாடையை விடவில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதுதான் அவரும் கேட்ட முதல் கேள்வி. தட்டைக் காட்டினேன். முகமூடி போட்டு ஆக்சிஜன் வைத்தார். கொஞ்ச நேரத்தில் என் மச்சான் கண்ணைத் திறந்தான். சுற்றி நின்ற எங்களையெல்லாம் பார்த்தான்.

"என்ன மாமா, அதுக்குள்ள எழுப்பிட்டீங்க? நல்ல தூக்கம்."

எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. அழத்தான் செய்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தான். சட்டையில் என்ன ஈரம் என்று கேட்டான். படியிறங்கும்போது, அந்த அக்காவைத் திட்டாதீர்கள், நல்ல மாதிரி என்று எனக்கே புத்தி சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அவனைச் சில நாட்கள் வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் நெஞ்சுக்குள் இறங்கியிருந்ததால் காய்ச்சலும் இருமலும் வந்து, பிறகு சரியானது. போலீஸ் வந்து எங்களை விசாரித்தது. அந்தப் பெண் முன்பு முடி அலங்கார வேலை பார்த்தவராம், மருத்துவம் ஒன்றும் தெரியாதாம். பாஸ் என்ற ஆள் ஊசி போடச் சொல்லிக் கொடுத்து, மருந்தையும் எங்கிருந்தோ கொண்டு வந்து தந்து, தான் மட்டும் அந்தப் பக்கமே தலை காட்டாமல் இருந்திருக்கிறான். அவன் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம் அந்தப் பெண்ணின் மேல் இல்லை. ஒரு மனிதனைச் சாகடிக்கும் மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு, அது சாகடிக்கும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அவரோ வந்தவர்களுக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில்தான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வார்டில் மச்சான் விட்ட குறட்டையைக் கவனித்த டாக்டர், அவனைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவனுக்குத் தூக்கம் வராதது வியாதியே இல்லையாம். தூங்கும்போதெல்லாம் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதுதான் வியாதியாம். ஒவ்வொரு தடவை மூச்சு நிற்கும்போதும் உடம்பு அவனை உலுக்கி எழுப்பி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் களைப்பு. அப்படி எழுப்பி எழுப்பி அவனை இத்தனை வருடம் காப்பாற்றிய அந்த ஒரு பாதுகாப்பைத்தான், அவன் பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஊசி போட்டு அணைத்திருக்கிறான்.

இப்போது அவன் மூக்கில் ஒரு முகமூடி மாட்டி, காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் சின்ன மெஷினோடு தூங்குகிறான். பிள்ளைகள் அவனை யானை என்கிறார்கள். களைப்பு போய்விட்டது, லோரி ஒழுங்காக ஓடுகிறது. நான் அந்த மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. சொந்தக்காரர்கள் கூடும்போது யாராவது அந்தக் கதையை எடுத்தால், மச்சான் சிரித்துக்கொண்டே சொல்வான்: "மாமா வீணா பயந்துட்டாரு லா. நான் நல்லாத்தான் தூங்கிக்கிட்டிருந்தேன்." ஆரம்பத்தில் நான் விட மாட்டேன். உன் உதடு என்ன நிறத்தில் இருந்தது தெரியுமா என்று சண்டைக்குப் போவேன். இப்போது விட்டுவிடுகிறேன், ஏனென்றால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு வலிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை, பயம் வரவில்லை. நான் அன்று சோபாவிலேயே உட்கார்ந்து இன்னொரு கறிபாப் சாப்பிட்டிருந்தாலும் அவனுக்கு அது அதே நல்ல தூக்கமாகத்தான் இருந்திருக்கும், எழுந்து சொல்வதற்கு மட்டும் அவன் இருந்திருக்க மாட்டான். அன்று அவன் மூச்சு நின்றது அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியாது என்பதை நினைக்கும்போது, அவன் சிரிக்கிற அந்த நேரத்தில் இன்றும் என் கண் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கப் போய்விடுகிறது.